சென்செக்ஸா நிஃப்டியா: வாடிக்கையாளர்களுக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

நம் மியூச்சுவல் ஃபண்ட் அலுவலகத்தைப் பற்றிய ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. உங்களில் பலர் அதை எனக்கே அனுப்பி, "என்ன சார் இது?" என்று கேட்டுவிட்டீர்கள். "சென்செக்ஸ் ஆயிரம் புள்ளி ஏறுற நாளில் நிஃப்டி முந்நூறுதான் ஏறுது. மெதுவா ஓடுறதுல நம்ம பணத்தைப் போட்டுட்டு கமிஷன் வாங்கிட்டார்" என்பதுதான் அதன் சாரம். (சென்செக்ஸ் மும்பைப் பங்குச் சந்தையின் குறியீடு, நிஃப்டி தேசியப் பங்குச் சந்தையின் குறியீடு. பெரிய நிறுவனங்களின் பங்கு விலை மொத்தத்தில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் எண்கள்.) போனில் ஒவ்வொருவருக்கும் சொல்லி மாளவில்லை, அதனால்தான் இந்த மடல்.

வட்டிக் கணக்கை மனதிலேயே போடும் காரைக்குடியில் இப்படி ஒரு பேச்சு எழுந்ததுதான் எனக்கு வருத்தம். சென்செக்ஸ் 80,000-ஐ ஒட்டி இருக்கும்போது நிஃப்டி 24,000 சொச்சத்தில் இருக்கும். 80,000-க்கு ஆயிரம் புள்ளி என்றால் ஒன்றேகால் சதவீதம். 24,000-க்கு முந்நூறு புள்ளி என்றாலும் அதே ஒன்றேகால்தான். உங்கள் பணம் வளர்வது சதவீதத்தில், புள்ளியில் அல்ல. எண்கள் வேறுபடுவதற்குக் காரணம் தொடங்கிய இடம். சென்செக்ஸ் 1978-79ஐ அடிப்படை ஆண்டாக வைத்து 100-இல் தொடங்கியது. நிஃப்டிக்கு அடிப்படை 1995 நவம்பர் 3, மதிப்பு 1,000.

டிவியில் புள்ளியைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள், பார்ப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 1992 ஏப்ரல் 28 அன்று, பங்குத் தரகர் ஹர்ஷத் மேத்தாவின் ஊழல் வெளிவந்த சமயத்தில், சென்செக்ஸ் இறங்கியது 570 புள்ளிதான், ஆனால் அது கிட்டத்தட்ட 13 சதவீதம். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் இறங்கியது ஏறக்குறைய 4,390 புள்ளி. அது 6 சதவீதம்கூட இல்லை. எது பெரிய அடி என்று நீங்களே சொல்லுங்கள்.

சென்செக்ஸில் 30 நிறுவனங்கள், நிஃப்டியில் 50. இரண்டுமே சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பை வைத்து எடை போடுபவை. ஹெச்டிஎஃப்சி வங்கி, ரிலையன்ஸ், ஐசிஐசிஐ வங்கி இரண்டிலும் கனமானவை. அதனால் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே நடக்கும். இருபது நிறுவனம் கூடுதலாகப் பரவியிருக்கிறதே என்றுதான், அந்த 50 நிறுவனங்களிலும் பணம் போடும் நிஃப்டி ஃபண்டைச் சொன்னேன். கமிஷன் சென்செக்ஸ் ஃபண்டுக்கும் உண்டு, அதற்காக ஒன்றை விட்டு ஒன்றைப் பிடிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

சிறிய நிறுவனங்களில் பணம் போடும் ஸ்மால்கேப் ஃபண்ட் வைத்திருப்பவர்கள் அதை நிஃப்டியோடு ஒப்பிட வேண்டாம். சந்தை மதிப்பு வரிசையில் 251-ஆவது முதல் 500-ஆவது வரை உள்ள நிறுவனங்களைக் கொண்ட ஸ்மால்கேப் 250 குறியீட்டோடு வைத்துப் பாருங்கள். 2018-இல் நிஃப்டி 3 சதவீதம் போல ஏறியது, அதே ஆண்டு ஸ்மால்கேப் குறியீடு நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறங்கியது. அப்புறம், பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பவர்கள் அந்நாட்டுக் குறியீடான டவ் ஜோன்ஸ் பற்றிக் கேட்கிறீர்கள். அது பங்கின் விலையை வைத்து எடை போடும் பழைய முறை. அந்த நாட்டுச் சந்தையைப் பார்க்க, 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட எஸ்&பி 500-தான் சரி.

இன்னொன்று, டிவியில் வரும் நிஃப்டியில் டிவிடெண்ட், அதாவது நிறுவனங்கள் பங்குதாரர்களுக்குத் தரும் லாபப் பங்கு, சேராது. நாங்கள் தரும் அறிக்கையில் டிவிடெண்டும் சேர்ந்த டி.ஆர்.ஐ. குறியீட்டோடுதான் ஒப்பிடுகிறோம். ஃபண்டுகள் அப்படித்தான் காட்ட வேண்டும் என்று 2018 பிப்ரவரி முதல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதி இருக்கிறது. அதனால் எங்கள் அறிக்கையில் குறியீடு ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதலாகவே தெரியும். மறைக்க நினைப்பவன் இப்படிக் காட்டுவானா?

நீங்கள் வைத்திருப்பவை எங்களைப் போன்றவர்கள் மூலம் வாங்கும் ரெகுலர் பிளான். ஃபண்ட் நிறுவனத்திடம் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளானைவிடச் செலவு கொஞ்சம் கூடும், எங்கள் கமிஷன் விவரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் கணக்கு அறிக்கையில் இருக்கும்.

2020 மார்ச் 23 அன்று சந்தை ஒரே நாளில் 13 சதவீதம் இறங்கியபோது மாதாமாதம் பணம் போடும் எஸ்.ஐ.பி.யை நிறுத்தாமல் தொடர்ந்த ஆச்சிமார்களையும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களையும் நான் மறக்கவில்லை. அந்த நம்பிக்கையில்தான் இந்த அலுவலகம் நடக்கிறது. உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

சந்தேகம் இருந்தால் அறிக்கையை எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள், உட்கார்ந்து பார்ப்போம். கவுன்டரில் இருந்த பெண் வேலையை விட்டுவிட்டதால் சனிக்கிழமை மட்டும் இப்போதைக்கு அலுவலகம் இல்லை.

அன்புடன்,
உரிமையாளர்
செக்காலை ரோடு, காரைக்குடி