41ஆம் பக்கத்துப் பூக்கள்

அன்புத் தோழிக்கு,

நீ வரைந்து அனுப்பிய சித்திரக்கதைக் கட்டு வந்து ஒன்பது நாள் ஆகிறது. இத்தனை நாள் பதில் போடவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். குனியாதே, கண்ணைக் கசக்காதே, தலைக்குத் தண்ணீர் விடாதே என்று ஏகப்பட்ட கட்டளைகள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து. ஆனாலும் பொறுக்க முடியாமல் உன் 64 பக்கங்களையும் முதல் நாளே இடது கண்ணால் படித்துவிட்டேன். நேற்று இரண்டு கண்ணையும் திறந்துவைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். இடது கண்ணுக்குப் பழுப்பாகத் தெரிகிற தாள் வலது கண்ணுக்குப் பளீரென்று வெள்ளையாக இருக்கிறது. நீ கறுப்பின் மேல் கறுப்பாக இரண்டு தடவை மை இட்டிருப்பதைக்கூட அந்தக் கண்தான் காட்டிக் கொடுத்தது.

முதலில் அந்தப் பேனாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உன் கதையின் இரண்டு பெண்களில் இளையவளின் கடனையெல்லாம் விலைக்கு வாங்கிவிட்ட மூத்தவள், அந்தப் பெரிய மனுஷி, ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்கும் இடம், 12ஆம் பக்கம். பேனாவைக் கொடுக்கிறாள், ஆனால் கையை நீட்டுவதில்லை. மேஜைக்கு இந்தப் பக்கமே விரலிடுக்கில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவள்தான் மேஜை மேல் சாய்ந்து, ஏறக்குறையத் தலை குனிந்து வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு வார்த்தை கிடையாது. பக்கத்தைத் திருப்பினால் இவள் கையெழுத்துப் போட்டு, மூடியைத் திருகி, பேனாவைத் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறாள். நான் வாய்விட்டு 'அடேயப்பா' என்றேன். இரண்டு பக்கத்தில் இரண்டு பேரையும் எனக்குத் தெரிந்துவிட்டது. இனி இந்தக் கதையில் யாரும் யாருக்கும் சும்மா அடங்கமாட்டார்கள்.

கடிதத்தின் கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டிருந்தாய். பெண்ணும் பெண்ணும் காதலிப்பதையே உலகம் ஒரு மாதிரிதான் பார்க்கிறது, அதில் இவ்வளவு இருட்டையும் குரூரத்தையும் வைத்தால் நம்மவர்களுக்கே துரோகம் செய்வதாகாதா என்று. ஆகாது. அதை நான் திடமாகச் சொல்வேன். ஜப்பானில் இந்த வகைக் கதைகளுக்கு 'யூரி' என்று பெயர், லில்லி மலர் என்று பொருள். யமகிஷி ரியோகோ 1971இல் வரைந்த 'வெள்ளை அறையில் இருவர்' கதையைத்தான் இந்த வகையின் முதல் மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை, என்று பலர் சொல்வார்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டு பெண்கள், முடிவில் ஒருத்தி சாகிறாள். அதற்குப் பிறகும் வெகு காலம் சாவு, பிரிவு, கண்ணீர் என்றே போயிற்று. இல்லையென்றால் பள்ளிப் பருவத்துத் தூய நட்பு. இந்த இரண்டிலுமே அந்தப் பெண்கள் வளர்ந்து பெரியவர்களாகி, சம்பளம் வாங்கி, பொறாமைப்பட்டு, தப்புச் செய்து, அந்தத் தப்போடு மறுநாள் காலை எழுந்திருப்பதற்கு வழியே இல்லை. நீ அவர்களுக்கு 45 வயதும் 29 வயதும் கொடுத்திருக்கிறாய். வஞ்சம் வைத்துக்கொள்ளவும் உரிமை கொடுத்திருக்கிறாய். அதற்காகவே உன்னைக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

யோஷியா நோபுகோ என்ற ஜப்பானிய எழுத்தாளரை உனக்குத் தெரிந்திருக்கும். பள்ளி மாணவிகளின் பாசத்தை 1916இலிருந்து கதை கதையாக எழுதி, அங்கே ஒரு தலைமுறையையே கட்டிப்போட்டவர். அவரும் மொன்மா சியோவும் சுமார் 50 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். சட்டத்தின் கண்ணில் உறவாவதற்கு அவர்களுக்கு ஒரே ஒரு கதவுதான் திறந்திருந்தது. 1957இல் யோஷியா தன் துணையை மகளாகத் தத்தெடுத்தார். அரை நூற்றாண்டுத் துணை, காகிதத்தில் தாயும் மகளும்! அவர்கள் வீட்டுக்குள் எப்படியோ, நமக்கென்ன தெரியும். ஆனால் சமமாக இருக்க நினைத்த இருவருக்குக்கூட ஒருத்தியை மேலேயும் ஒருத்தியைக் கீழேயும் எழுதித்தான் சட்டம் இடம் கொடுத்தது. உன் கதையில் வரும் ஒப்பந்தத்தைப் படித்தபோது எனக்கு அந்தக் காகிதம்தான் நினைவுக்கு வந்தது.

இனி மனத்தாங்கல்கள். 41ஆம் பக்கத்தில் இளையவள் "போதும்" என்கிறாள். மற்றவள் காதில் வாங்கவில்லை. அடுத்த கட்டத்தில் முகங்கள் மறைந்து பக்கம் முழுக்க லில்லிப்பூ. மங்காவில் பின்னணியில் பூ வரைவது பழைய வழக்கம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த இடத்தில் அந்தப் பூக்கள் பொய் சொல்கின்றன. அவளுக்கு அது பிடித்திருந்தது என்று நீயே அவள் சார்பில் வாசகரிடம் சொல்லிவிடுகிறாய். கொடுமையை வரை, நான் தடுக்கவில்லை. பூவை எடுத்துவிட்டு அவள் முகத்தை வரை. "போதும்" என்று சொன்ன பிறகு அந்த வாய் எப்படி இருந்தது? மூத்தவள் அதைப் பார்த்தாளா, பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தாளா? வாசகி இருவரில் ஒருத்தியை அந்தக் கட்டத்துக்குப் பிறகு மன்னிக்காமலேகூடப் போகட்டும்.

இன்னொன்று, 52ஆம் பக்கத்தில் மூத்தவளுக்குக் காய்ச்சல், இளையவள் நெற்றியில் ஈரத்துணி. அத்துடன் இருவரும் சமம் ஆகிவிட்டதுபோல ஒரு நிம்மதி. காய்ச்சல் மூன்று நாளில் விட்டுவிடும். வீடு மூத்தவளுடையது, கடன் பத்திரம் அவளுடைய அலமாரியில் இருக்கிறது. அதெல்லாம் அப்படியேதானே இருக்கும்?

இதை நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று உனக்குத் தெரியும். நான் ஒருத்தியைக் காதலித்த அந்த இரண்டு வருடங்களைப் பற்றி உன்னிடம் எல்லாம் சொல்லியிருக்கிறேன், ஒன்றைத் தவிர. அவள் என்னிடம் வீட்டுச் சாவி கொடுத்ததில்லை. தினமும் மணி அடித்துவிட்டு மாடிப்படியில் காத்திருப்பேன். சில நாள் உடனே திறப்பாள், சில நாள் உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அவளுக்கும் உடம்புக்கு வந்தது, நானும் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேன். தேறிய மறுநாள் பழையபடி மணி, பழையபடி மாடிப்படி. ஒருநாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அவள் சாவியை எடுத்துப்போய் அதேபோல ஒன்று செய்துகொண்டு வந்தேன். கைப்பையின் உள்ளறையில் வைத்துத் தைத்துவிட்டேன். ஒருநாளும் அதைப் போட்டுத் திறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாடிப்படியில் வேறு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு அது புரிந்திருக்க வேண்டும், கதவு சீக்கிரம் திறக்கத் தொடங்கியது. அவளை நான் காதலித்தேன் என்பதும் உண்மை, திருடினேன் என்பதும் உண்மை.

உன் இளையவளின் பைக்குள் அந்தப் பேனா இன்னும் இருக்கிறதே, 13ஆம் பக்கத்துக்கு அப்புறம் நீ அதை மறந்துவிட்டாயா? காய்ச்சல் காட்சியில் அதற்கு வேலை இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

திரையில் படிக்கும் கொரியச் சித்திரக்கதையான வெப்டூன்போல மேலிருந்து கீழாக ஓடும் வடிவத்துக்கு மாற்றலாமா என்று கேட்டாய். மாற்றலாம். ஆனால் பேனா காட்சி பக்கம் திருப்புவதை நம்பியிருக்கிறது, அங்கே நீளமாக வெற்றிடம் விட்டால்தான் அந்த மூச்சு கிடைக்கும். அட்டையிலேயே வயது வந்தோருக்கு மட்டும் என்று போட்டுவிடு. எழுத்து சற்றுப் பெரிதாக இருக்கட்டும், என் கண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை.

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் 41ஐ மறுபடி வரைந்து அனுப்பு, ஒரு கண்ணாவது நன்றாக இருக்கும்போதே பார்த்துவிடுகிறேன். மருந்து விடும் நேரம் ஆகிவிட்டது.

என்றும் அன்புடன்,
உன் தோழி