சேலைக் கடைக்கு இணையவழி உதவியாளர்: அமர்த்துமுன் கவனிக்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடித் தள்ளுபடி முடிந்து தீபாவளிச் சரக்கு இறங்கும் நேரத்தில் சேலம், இளம்பிள்ளை, ஈரோடு பக்கத்துச் சேலைக் கடைக்காரர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: "இன்ஸ்டாவையும் வாட்ஸ்அப்பையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் கிடைக்குமா?" கடைக்கு வந்து உட்கார வேண்டியதில்லை. வேறு ஊரில், தன் வீட்டில் இருந்தபடியே பதிவு போட்டு, வாடிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, விளம்பரமும் ஓட்டித் தரும் பகுதிநேர ஆள். வர்ச்சுவல் அசிஸ்டென்ட், சுருக்கமாக வி.ஏ. என்கிறார்கள். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் பல கடைகள் எந்த வேலையைக் கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுப்பதில்லை. கொடுக்கவே கூடாததை மட்டும் முதல் நாளே தூக்கிக் கொடுத்துவிடுகின்றன. இந்தத் தொழிலிலேயே இருப்பவர்கள் என்ற முறையில் சில விவரங்களை எழுதுகிறோம்.

கொடுக்கக் கூடாததில் முதலாவது பாஸ்வேர்டு. அதைக் கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் 'பிசினஸ் சூட்' என்ற நிர்வாகத் தளத்தில் கடை பெயரில் ஒரு பிசினஸ் போர்ட்ஃபோலியோ (கடையின் கணக்குகளை ஒன்றாக வைக்கும் தொகுப்பு) தொடங்கி, ஃபேஸ்புக் பக்கத்தையும் இன்ஸ்டாகிராம் கணக்கையும் அதில் இணைத்துவிட்டால், உதவியாளரின் மின்னஞ்சலுக்கு அழைப்பு அனுப்பி, வேண்டிய அளவு மட்டும் அனுமதி தரலாம். பதிவு போடுவது, செய்திகளுக்குப் பதில் சொல்வது, கமென்ட் பார்ப்பது, விளம்பரம் ஓட்டுவது, புள்ளிவிவரம் பார்ப்பது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அனுமதி உண்டு. இவை 'பார்ஷியல் ஆக்சஸ்'. 'ஃபுல் கன்ட்ரோல்' என்று இருப்பதை உரிமையாளர் தனக்கும் வீட்டில் நம்பகமான இன்னொருவருக்கும் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாவது ஆள் அவசியம். உரிமையாளரின் ஃபேஸ்புக் கணக்கு முடங்கிப் போனால் உள்ளே நுழைய வேறு வழி இருக்காது.

"பாஸ்வேர்டு இல்லாமல் ஸ்டோரியில் ஓட்டெடுப்பு ஸ்டிக்கர் வைக்க முடியவில்லை" என்று உதவியாளர் சொன்னால் அதில் நியாயம் இருக்கலாம். கணினி வழியாகப் போடும்போது செயலியில் உள்ள சில வசதிகள் கிடைக்காது. அதற்கு, வீடியோவைக் கூகுள் டிரைவில் போடச் சொல்லி, ஸ்டிக்கர் ஒட்டும் வேலையைக் கடைப் பையன் தன் கையால் செய்தால் இரண்டு நிமிடம். மாறாக, உதவியாளர் உள்நுழையும் ஒவ்வொரு முறையும் கடைக்காரர் போனில் ஓ.டி.பி.யைப் படித்துக் காட்டிப் பழகினால் வினை அங்கேதான் தொடங்குகிறது. "உங்கள் பக்கம் காப்புரிமை மீறியதாகப் புகார் வந்துள்ளது, 24 மணி நேரத்தில் மூடப்படும்" என்று மெட்டா பெயரில் ஒரு போலிச் செய்தி வரும். பதறிப்போய் அந்த இணைப்பைத் தட்டி எண்ணைக் கொடுப்பவர், ஏற்கெனவே எண் சொல்லிப் பழகியவராகத்தான் இருப்பார். இருபடிச் சரிபார்ப்பை எஸ்.எம்.எஸ்.ஸில் வைக்காமல், போனிலேயே எண்ணை உருவாக்கித் தரும் ஆதென்டிகேட்டர் செயலியில் வையுங்கள். அந்தப் போன் கையில் இல்லாதபோது உள்நுழைய உதவும் மீட்புக் குறியீடுகளை அச்செடுத்துக் கல்லாவில் பூட்டுங்கள்.

பக்கம் இன்னும் தொடங்கவே இல்லை என்றால் இன்னொரு ஆபத்து. "நானே ஆரம்பித்துத் தருகிறேன்" என்று உதவியாளர் தன் கணக்கிலிருந்து தொடங்குவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்காது, அவருக்கு அதுதான் சுலபம். இரண்டு வருடம் கழித்து அவருக்கு வேறு வேலை கிடைத்துப் போகும்போது பக்கம், பின்தொடர்பவர்கள், கேன்வா என்ற வடிவமைப்புச் செயலியில் செய்த வடிவங்கள், டிரைவில் உள்ள படங்கள் எல்லாம் அவர் பெயரில் இருக்கும். கூகுள் தேடலிலும் மேப்பிலும் கடை விவரத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலும் அப்படியே: கடைக்காரர் ஓனர், உதவியாளர் மேனேஜர் என்று இருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் பிசினஸில் முதன்மைப் போனோடு நான்கு சாதனங்கள் வரை இணைக்கலாம். உதவியாளரின் கணினியை இணைத்தால் அந்த எண்ணில் உள்ள உரையாடல் முழுவதும் அவர் கண்ணில் படும். நூல் வியாபாரியிடம் பேரம் பேசியது, மகள் அனுப்பிய மருத்துவச் சீட்டு உட்பட. எனவே கடைக்கென்று தனி எண் வேண்டும். அந்த சிம் கடையிலேயே இருக்க வேண்டும். முதன்மைப் போனை 14 நாள் திறக்காவிட்டால் இணைத்த சாதனங்கள் தானாகவே வெளியேறிவிடும் என்பதால் அந்தப் போனை டிராயரில் போட்டு மறந்துவிடக் கூடாது. ஒரே நேரத்தில் ஆயிரம் பேருக்குச் செய்தி அனுப்பித் தருகிறேன் என்று மூன்றாம் தரப்பு மென்பொருளோடு யார் வந்தாலும் அனுமதிக்காதீர்கள். கடை எண்ணே தடை செய்யப்படும். பத்து வருட வாடிக்கையாளரும் அதோடு போய்விடுவார். பிராட்காஸ்ட் பட்டியலில் (ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் வசதி) அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு பார்சலிலும் "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு வையுங்கள்.

இனிச் சம்பளம். "மாதம் 3,000 ரூபாய், எல்லாம் செய்து தருகிறோம்" என்பதைக் கேட்டு மயங்குமுன் மணிக்கணக்கு போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று ரீல்ஸ். படம்பிடிப்பதைக் கடையே செய்தாலும் வெட்டி ஒட்டி எழுத்து சேர்க்கத் தலா ஒன்றரை மணி நேரம், ஆக நான்கரை. நான்கு படப் பதிவுகளுக்குத் தலா அரை மணி, ஆக இரண்டு. பதில் சொல்வதற்குத் தினம் ஒரு மணி நேரம் என்று ஆறு நாளுக்கு ஆறு. திட்டமிடவும் கணக்கு ஒப்படைக்கவும் ஒன்று. வாரத்துக்குப் பதின்மூன்றரை மணி, நான்கு வாரத்துக்கு 54 மணி. மணிக்கு 150 ரூபாய் என்று வைத்தாலே 8,100 ரூபாய் வருகிறது. 3,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்பவர் பதினைந்து கடைகளை ஒரே கையில் வைத்திருப்பார். உங்கள் பக்கத்தில் வெள்ளிக்கிழமை வாழ்த்தும் உலகப் புன்னகை தின போஸ்டரும் வரும், சேலை வராது. கையில் பணம் குறைவென்றால் வேலையைக் குறையுங்கள்: வாரம் ஒரு ரீல்ஸ், இரண்டு பதிவு, தினம் அரை மணி பதில். அது போதும்.

ஆளைத் தேர்ந்தெடுக்க, அவர் காட்டும் பழைய பக்கங்களின் லைக் எண்ணிக்கையைப் பார்ப்பதைவிட ஒரு வாரச் சோதனை வேலை மேல். அதற்குக் கூலி கொடுத்துவிட வேண்டும். ஐந்து சேலைகளின் படங்களையும் விவரத்தையும் அனுப்பி மூன்று பதிவு, ஒரு ரீல்ஸ், வழக்கமாக வரும் பத்துக் கேள்விகளுக்குப் பதில் ஆகியவற்றைக் கேளுங்கள். திரும்பி வரும்போது தமிழில் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். அவர் உங்களிடம் என்ன கேட்டார் என்று பாருங்கள். "இதற்கு சாயம் போகுமா? பிளவுஸ் சேர்த்தா, தனியா? படத்தில் மெரூனாகத் தெரிகிறது, நேரில் அரக்கா?" என்று கேட்டவர் தேறிவிடுவார். ஒன்றுமே கேட்காமல் "ட்ரெண்டிங் கலெக்‌ஷன், லிமிடெட் ஸ்டாக்" என்று எழுதி அனுப்பியவரால் உங்களுக்குப் பயனில்லை.

பதிவில் என்ன எழுத வேண்டும் என்பதில்தான் கடைக்கும் உதவியாளருக்கும் ஒட்டாமல் போகிறது. சேலையைத் தொட்டுப் பார்க்காதவர் எழுதுகிறார் அல்லவா? ஆகவே ஒவ்வொரு சேலைக்கும் கடையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டுப் போக வேண்டும். உதாரணமாக: எண் 214, செமி சில்க், விசைத்தறி, நீளம் பிளவுஸ் 80 சென்டிமீட்டர் சேர்த்து 6.3 மீட்டர், முந்தி ஜரி, உடலில் சின்னப் புட்டா, நான்கு நிறம், முதல் துவைப்பு தனியாக, விலை 950, தமிழ்நாட்டுக்குள் கூரியர் இலவசம். இந்தச் சீட்டு இல்லாமல் விட்டால், கூடுதல் பார்வைக்காக அந்த 950 ரூபாய்ச் சேலைக்குக் 'காஞ்சிபுரம் பட்டு', 'கைத்தறி' என்று ஹேஷ்டேக் போட்டுவிடுவார்கள். காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்ற பெயர், அதாவது அந்த ஊரின் தயாரிப்புக்கென்று சட்டம் காக்கும் பெயர். விசைத்தறிச் சேலைக்கு அதை ஒட்டினால் சட்டப்படி பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். "எக்ஸ்சேஞ்ச் கிடையாது" என்று கீழே ஒரு வரி போடுவதாலும் தப்ப முடியாது. பழுதான பொருளையோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. வாடிக்கையாளர் போல நாமே பாராட்டு எழுதுவதையும் அதே விதிகள் தடுக்கின்றன. போலி ஐ.டி.யில் ஐந்து நட்சத்திரம் போடுவதை ஒரு சேவையாகவே விற்கும் உதவியாளர்கள் இருக்கிறார்கள், ஜாக்கிரதை.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. ட்யூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த பச்சை, வீட்டில் பிரிக்கும்போது வேறு பச்சையாக இருக்கும். காலை வெளிச்சத்தில், வாசல் நிழலில், பில்டர் போடாமல் எடுங்கள். முந்தி, பார்டர், உடல், பின்பக்கம் என நான்கு படம் போதும். வீடியோவை நிமிர்ந்த வாக்கில், 1080க்கு 1920 அளவில் எடுங்கள். பின்னணிக்கு சினிமாப் பாட்டு வேண்டாம். பிசினஸ் கணக்குகளுக்கு அந்தப் பாடல்களின் உரிமை கிடையாது. ஒலி நீக்கப்படலாம், அந்த ரீல்ஸைப் பணம் கட்டி பூஸ்ட் செய்யவும் விடாது. கடைக்காரர் குரலிலேயே விலையும் விவரமும் சொல்வது எந்தப் பாட்டைவிடவும் நன்றாக விற்கிறது என்பது எங்கள் கணிப்பு. விலையை மறைத்து "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று போடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். உதவியாளருக்குக் கொடுக்கும் ஒரு மணி நேரத்தில் பாதி, விலை சொல்வதிலேயே கரைந்துபோகும்.

பணம் வந்ததா என்று பார்ப்பது கடையின் வேலை. உதவியாளர் அதில் தலையிடக் கூடாது. ஜி.பே. ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "கட்டிவிட்டேன்" என்பவர்களில் போலிப் படம் அனுப்புகிறவர்களும் உண்டு. வங்கிக் கணக்கிலோ சவுண்ட்பாக்ஸிலோ வந்ததைக் கடையில் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே "ஆர்டர் உறுதி" என்ற பதில் போக வேண்டும். கியூ.ஆர். கோடும் யு.பி.ஐ. முகவரியும் கடையுடையதாக மட்டுமே இருக்கட்டும். வாரம் ஒருமுறை வேறொரு போனிலிருந்து வாடிக்கையாளர் போலக் கேட்டுப் பார்த்து, என்ன எண் வருகிறது என்று சரிபாருங்கள். முகவரிப் பட்டியலை மொத்தமாக உதவியாளரிடம் கொடுக்க வேண்டாம், அன்றன்றைய பார்சலுக்கு வேண்டியது மட்டும் போதும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வேறொருவரை வைத்துச் செய்தாலும் பொறுப்பு நம்முடையதே.

விளம்பரத்துக்கு உதவியாளரின் கார்டைப் பயன்படுத்தவோ, நம் கார்டு எண்ணை அவரிடம் சொல்லவோ வேண்டாம். விளம்பரக் கணக்கில் யு.பி.ஐ. வழியே முன்பணமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால், தவறு நடந்தாலும் போட்ட தொகையோடு நிற்கும். கணக்குக்குச் செலவு வரம்பும் வைக்கலாம். 1,000 ரூபாய் விளம்பரத்துக்கு ஜி.எஸ்.டி. 180 ரூபாய் தனி. ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடைகள் தங்கள் எண்ணை விளம்பரக் கணக்கில் பதிந்தால் உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம், அதாவது விளம்பரத்துக்குக் கட்டிய வரியைத் தாங்கள் செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். இதை உதவியாளர் நினைவூட்ட மாட்டார், ஆடிட்டரிடம் கேளுங்கள். விளம்பர நோக்கம் 'வாட்ஸ்அப் செய்தி' என்று இருக்கட்டும். லைக்குக்காக ஓட்டினால் லைக்தான் வரும். தட்டியதும் திறக்கும் செய்தியில் "எண் 214 வேண்டும்" என்று முன்கூட்டியே எழுதி வைத்தால், எந்த விளம்பரத்திலிருந்து யார் வந்தார் என்பது தானாகத் தெரியும். உதவியாளர் தரும் மாதாந்திரக் கணக்கு அட்டவணையில் ஐந்து விவரம் போதும்: சேலை எண், விசாரணை, ஆர்டர், தொகை, விளம்பரச் செலவு. ரீச் (பதிவு எத்தனை பேரைச் சென்றடைந்தது என்ற எண்ணிக்கை) இத்தனை லட்சம் என்று வண்ண வண்ண வரைபடம் அனுப்பினால் நன்றி சொல்லிவிட்டு இந்த ஐந்தையும் கேளுங்கள்.

உதவியாளர் பக்கத்து நியாயமும் உண்டு. இந்த வேலையைச் செய்பவர்களில் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்டே செய்யும் பெண்கள் நிறைய. காலை 10 முதல் 12, மாலை 7 முதல் 8 என்று நேரம் எழுதிவிட்டு, இரவு 11 மணிக்கு "அந்த அக்காவுக்குப் பதில் போட்டியாம்மா?" என்று போன் செய்வது முறையல்ல. இரவுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் 'அவே மெசேஜ்' இருக்கிறது. சம்பளம் 5ஆம் தேதி என்றால் 5ஆம் தேதி. தீபாவளி மாதத்துக்குக் கூடுதல் மணி நேரம் வேண்டுமென்றால் கூடுதல் பணம். வேலை தருவதாகச் சொல்லி 'பதிவுக் கட்டணம்' கேட்கிறவர் வேலை தருபவர் அல்லர் என்பதை வேலை தேடுவோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலகும் நாளில் சண்டையோ சமாதானமோ, அன்றே செய்ய வேண்டியவை: பிசினஸ் போர்ட்ஃபோலியோவில் அவர் பெயரை நீக்குவது, வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதிக்குப் போய் அவர் கணினியை வெளியேற்றுவது, கூகுள் புரொஃபைல், டிரைவ், கேன்வா மூன்றிலும் அனுமதியை எடுப்பது, பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்து அசல் கோப்புகளை வாங்கிக்கொள்வது. பத்து நிமிடம் ஆகும். இதற்குள் பக்கம் யாரிடமாவது பறிபோய், வாடிக்கையாளரிடம் பணம் கேட்டுச் செய்தி போகத் தொடங்கியிருந்தால், கடையின் மற்ற எண்களிலிருந்து உடனே எல்லோருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். யாராவது பணம் இழந்திருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அவர் அந்த மணி நேரத்திலேயே அழைக்க வேண்டும்.

இப்படிக்கு,
சிறு கடைகளுக்குச் சமூக ஊடகப் பணி செய்துவரும் குழுவினர்,
சேலம்.