புகார்: மண்ணை ஒட்டுன சுவருக்கு நீங்க குடுத்த வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட்

கஸ்டமர் கேர் மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கம் சார். கோத்தகிரி பக்கத்துல இருந்து எழுதுறேன். உங்க டோல்ஃப்ரீ நம்பருக்கு 4 தடவ கூப்ட்டேன், 3 தடவ புகார் நம்பர் மட்டும் குடுத்தீங்க, கடைசியா "அப்ளிகேஷன் ஃபால்ட், கம்பெனி பொறுப்பில்ல"ன்னு, அதாவது அடிச்ச விதந்தான் தப்புன்னு, ஒரு வரில எஸ்எம்எஸ் வந்துச்சு. ஒரு வரில முடியிற விஷயமில்ல இது, அதான் உக்காந்து முழுசா டைப் பண்றேன்.

எங்க வீட்டு பின்னாடி ரூம் 2022ல கட்டுனது. காண்ட்ராக்டர் கெடையாது, நானே சாமான் வாங்கிப் போட்டு ஒரு கொத்தனாரு ரெண்டு சித்தாள வச்சு எழுப்புனேன். எம் சாண்ட்ல இருந்து எல்லாமே மேட்டுப்பாளையத்துல இருந்து மலையேறி வரணும், லோடு வாடகைலயே பாதி உசுரு போயிரும், அது வேற கதை. எங்க ஊர்ல மேட்ட வெட்டித்தான் வீடு, அதனால அந்த ரூம் பின்சுவத்துக்கு வெளிய 4 அடி ஒயரத்துக்கு மண்ணு. அந்த ஒரு சுவருலதான் ஓதம். இடுப்பளவுக்கு கருப்பா பூஞ்சணம், அதுக்கு மேல கோடு போட்ட மாதிரி உப்பு பூத்து, பூச்சு கைல தொட்டா மாவா உதிரும். எங்கம்மா படுக்குற ரூம் சார் அது.

போன செப்டம்பர்ல உங்க டீலர் கடைல போய் நெலமைய சொன்னேன். அங்கயே உங்க கம்பெனி டீசர்ட் போட்ட தம்பி ஒருத்தரு நின்னாரு. "அண்ணா, உள்பக்கம் ரெண்டு கோட் அடிங்க, ஓதம் எட்டிக்கூட பாக்காது"ன்னாரு. சுவத்துக்கு பின்னாடி மண்ணு இருக்குன்னு நான் ரெண்டு தடவ சொன்னேன். பக்கெட் மேலயும் பெருசா "உள்ளே, வெளியே, எல்லா சுவருக்கும்"னு தமிழ்லயே போட்டிருந்துச்சு. 20 லிட்டர் பக்கெட் ரெண்டு வாங்குனேன், பில் 9,700.

அக்டோபர் மொத வாரம் பழைய பூச்ச சொரண்டி, புதுப்பூச்சு பூசி, பெயிண்ட் அடிச்சோம். கார்த்திகை மழை புடிச்சதும் சுவரு பூரா பணியாரம் பணியாரமா உப்பிடுச்சு. ஒண்ண வெரலால அழுத்துனேன், பொட்டுன்னு ஒடைஞ்சு அரை டம்ளர் தண்ணி என் சட்டக் கையில எறங்குச்சு, ஐஸ் மாதிரி.

போட்டோ அனுப்புனதுக்கு உங்க ஆளு வாட்ஸப்லயே பாத்துட்டு "அது கண்டென்சேஷன் சார், ரூம் காத்துல இருக்குற ஈரந்தான் சுவத்துல படியுது, ஜன்னல தொறந்து வைங்க"ன்னாரு. நேர்ல வரவே இல்ல. நான் என்ன பண்ணேன்னா, பெயிண்ட் உரிஞ்ச எடத்துல ரெண்டடிக்கு ரெண்டடி பாலித்தீன் ஷீட்ட நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட்டேன். காத்து ஈரமா இருந்தா ஷீட்டுக்கு மேல முத்து முத்தா நிக்கணும். மேல காஞ்சு கெடக்கு, உரிச்சுப் பாத்தா அடில தண்ணி வழியுது. சுவத்துக்குள்ள இருந்துதான வருது? 20 ரூவா ஷீட்டு சொன்னத உங்க டெக்னிக்கல் டீம் சொல்லல.

அப்புறந்தான் உங்க வெப்சைட்ல டேட்டா ஷீட்ட தேடி எடுத்தேன், முழுக்க இங்கிலீஷ்ல. என் தங்கச்சி பையன் படிச்சு சொன்னான். மூணாவது பக்கத்துல பொடி எழுத்துல இருக்கு: தண்ணி பின்னாடி இருந்து தள்ளுற சுவருக்கு ஆகாது, புதுப்பூச்சு 28 நாள் காயணும், 10 டிகிரிக்கு கீழ அடிக்கக் கூடாது, அடுத்த கோட்டுக்கு 6 மணி நேரம், அதுவும் 30 டிகிரில. ஏன் சார், கோத்தகிரில அக்டோபர்ல 30 டிகிரிய எங்க போய் தேடுறது? எங்களுக்கு ஐப்பசி கார்த்திகைதான் மெயின் மழை, பகல்லயே மிஸ்ட் எறங்கி துணியே மூணு நாள் காயாது, இதுல 6 மணி நேரத்துல கோட் காயுமா?

என் தப்பையும் சொல்லிடுறேன், மறைக்க மாட்டேன். ரூம் கட்டும்போதே கொத்தனாரு "மேட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு அடி சந்து விடுங்க, தண்ணி போகட்டும்"னாரு. துணி காயப்போட எடம் வேணும்னு அந்த சந்துல ஒடஞ்ச கல்லு, வெட்டுன மண்ணு எல்லாத்தயும் கொட்டி நெரவுனது நாந்தான். மேட்டுல பெய்யிற மழை பூரா அங்க வந்து நின்னு சுவர தள்ளுது. அப்படி தள்ளுற தண்ணிய உள்பக்கத்துல இருந்து பெயிண்ட் தடுக்காது, தோலை உப்பத்தான் செய்யும். வர்ற பக்கத்துலயே வழி குடுக்கணும். இத செப்டம்பர்ல உங்க தம்பி ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அப்பவே கடப்பாறைய எடுத்திருப்பேன்.

இப்ப ஜனவரில மழை விட்டதும் அதத்தான் பண்ணோம். 2009 நவம்பர் மண்சரிவு பாத்த ஊரு சார் இது, முழு நீளத்தயும் ஒரேடியா தோண்ட பயம், அதனால நாலு நாலு அடியா தோண்டி, ஒண்ண மூடுன பொறவுதான் அடுத்தது. உள் தரைமட்டத்துக்கு அரையடி கீழ வரைக்கும் எறக்கி, வெளிப்பக்கம் சிமெண்ட் கலக்குற டைப் கோட்டிங் ரெண்டு கை, அடில ஓட்ட போட்ட பைப்ப சரிவா வச்சு, மேல வரைக்கும் ஜல்லி. ஜல்லிக்குள்ள மண்ணு எறங்காம இருக்க துணி மாதிரி ஒரு ஷீட் சுத்துனோம். பைப்ப ஓடைப்பக்கம் விட்ட அன்னிக்கு ராத்திரி பூரா தண்ணி வடிஞ்சுச்சு. உள்ள சுவரு மேல இருந்து கீழ மெல்ல வெளுத்துட்டு வருது. உப்ப காஞ்ச பிரஷ்லதான் தட்டி எடுக்குறோம், தண்ணி ஊத்தி கழுவுனா கரைஞ்சு திரும்ப உள்ளயே போயிரும். ரெண்டு மாசம் எந்த பெயிண்ட்டும் கெடையாதுன்னு முடிவு.

தோண்டுன கூலிய உங்ககிட்ட கேக்கல, அது என் துணிக்கொடிக்கு நான் கட்டுன அபராதம். பெயிண்ட் காசு 9,700, அடிச்ச கூலி, உரிச்ச கூலி, புதுப்பூச்சு எல்லாம் சேத்து 21,400, இது உங்களோடது. பில்லு, டீலர் சீட்டு, போட்டோ, ஷீட் ஒட்டுன வீடியோ எல்லாம் இதோட வச்சிருக்கேன். அப்புறம் பக்கெட் மேல "எல்லா சுவருக்கும்"ங்கறத எடுங்க, இல்லன்னா மண்ணு ஒட்டுன சுவருக்கு ஆகாதுன்னு அதே சைஸ்ல, அதே தமிழ்ல போடுங்க.

15 நாள் பாப்பேன். பதில் இல்லன்னா நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915 நம்பர்ல பதிஞ்சுட்டு ஊட்டி நுகர்வோர் ஆணையத்துக்கு போவேன், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்லன்னு விசாரிச்சுட்டேன்.

ஆள் அனுப்புறதா இருந்தா காலைல அனுப்புங்க சார். ரெண்டு மணிக்கு மேல மிஸ்ட் எறங்கிருச்சுன்னா அவருக்கு வீடே தெரியாது, சுவர எங்க பாக்குறது.

இப்படிக்கு,
மேல சொன்ன சுவத்தோட சொந்தக்காரன்