மிஷிகன் 2008: தற்காப்பை மறந்த கணக்கு

ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து பற்றிய கட்டுரையில், மிஷிகன் பல்கலைக்கழக அணி 2008இல் 3 வெற்றி, 9 தோல்வி என்று கவிழ்ந்ததற்குப் புதுத் தலைமைப் பயிற்சியாளர் ரிச் ரோட்ரிகஸ் கொண்டுவந்த, ஆட்டக்காரர்களை மைதானத்தின் அகலத்துக்குப் பரப்பி நிறுத்தித் தாக்கும் ‘ஸ்ப்ரெட்’ ஆட்டமுறையே காரணம் என்று எழுதியிருந்தீர்கள். பாதிதான் சரி.

அந்த முறையின் உயிர்நாடி ‘ரீட் ஆப்ஷன்’. எதிரணித் தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நிற்பவரை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். அவர் பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் மீது பாய்ந்தால், தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தைக் கொடுக்காமல் தானே எடுத்துக்கொண்டு, காலியான அந்த ஓரத்தில் ஓட வேண்டும். ஓடமாட்டார் என்று தெரிந்துவிட்டால் ஓரத்து ஆளுக்கு யோசனையே தேவையில்லை. ஒவ்வொரு முறையும் ரன்னிங் பேக்கை அமுக்கிவிடுவார். 2008இல் மிஷிகனின் குவார்ட்டர்பேக்கான ஸ்டீவன் த்ரெட் நின்று எறிகிற ஆட்டக்காரர். (விஸ்கான்சினுக்கு எதிராக 58 கெஜம் ஓடியது விதிவிலக்கு.) கையில் இருந்த இன்னொரு குவார்ட்டர்பேக் ரையன் மாலெட் ஆர்கன்சா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். இந்த முறைக்கென்றே பிறந்தவர் போலிருந்த பள்ளி குவார்ட்டர்பேக் டெரெல் பிரையரோ பரம எதிரியான ஓஹையோ ஸ்டேட்டில் சேர்ந்தார்.

ஆளை மாற்றியிருக்கலாமே என்றால், அன்று கல்லூரி அணியில் காசு கொடுத்து வாங்க முடியாது. ரோட்ரிகஸ் வந்தது 2007 டிசம்பர் நடுவில். பள்ளி மாணவர்கள் கல்லூரி அணிகளில் சேரக் கையெழுத்திடும் நாள் அப்போது பிப்ரவரி முதல் வாரம். அன்றைய விதிப்படி வேறு கல்லூரியிலிருந்து மாறி வருபவர் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும். ஓர் அணிக்கு அன்று மொத்தம் 85 உதவித்தொகை இடங்கள், ஆண்டுக்குப் புதிதாக 25 பேர். அந்தக் கணக்கில் அணி முழுதாக மாற மூன்று ஆண்டாவது ஆகும்.

ஆனால் தற்காப்பில் நடந்ததற்கு இந்தச் சாக்கு செல்லாது. டொலீடோவிடம் 13-10 என்று தோற்ற ஆட்டத்தில் தற்காப்பு விட்டது, உதைத்து மூன்று மூன்று புள்ளியாக எடுக்கும் இரண்டு ஃபீல்ட் கோல்தான். மிச்சம் 7 புள்ளி, எதிரணி மிஷிகன் எறிந்த பந்தை இடைமறித்து 100 கெஜம் ஓடி எடுத்தது. அப்படி ஆடிய அணியை, நான்கு பேர் முன்வரிசைக்குப் பழகியவர்களை, பருவத்தின் நடுவில் பர்டூ ஆட்டத்துக்காக 3-3-5 அமைப்புக்கு (முன்வரிசையில் மூவர், அடுத்து மூவர், பின்னால் ஐவர்) மாற்றினார்கள். யார் எந்த இடைவெளியை அடைப்பது என்பது ஒரு வாரத்தில் உடம்பில் ஏறாது. பர்டூ 48 புள்ளி குவித்தது. மிஷிகன் 42 எடுத்தும் தோற்றது.

ஸ்ப்ரெட் முறையே தவறு என்றால் 2010ஐ எப்படி விளக்குவீர்கள்? ஓடத் தெரிந்த டெனார்ட் ராபின்சன் கிடைத்ததும் குவார்ட்டர்பேக்காகவே 1,702 கெஜம் ஓடினார். தாக்குதல் சரியாகிவிட்டது, தற்காப்புதான் ஆட்டத்துக்குச் சராசரியாக 35 புள்ளி விட்டது. பருவ இறுதியில் நடந்த கேட்டர் பௌல் ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 52-14 என்று தோல்வி. சில நாட்களில் ரோட்ரிகஸ் வேலை போனது. கட்டுரையில் தற்காப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று: 2008 முதல் ஆட்டத்தில் யூட்டாவிடம் 25-23 என்று தோற்றதை அவமானம் என்று குறித்திருக்கிறீர்கள். அந்த யூட்டா அந்தப் பருவத்தின் 13 ஆட்டங்களிலும் வென்ற அணி.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்