'நன்றி: கூகுள்' வேண்டாம், மல்லிகா

சேலம்
ஆடி 12

அன்புள்ள மல்லிகா,

கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் கூடிவிட்டது. கடைவீதிப் பக்கம் போய்வருவதே பெரும்பாடு. மலையில் நல்ல சாரல். அடிவாரத்தில் நின்று பார்த்தால் ஏற்காடு தெரிவதே இல்லை.

உன்னிடம் ஆய்வு செய்யும் பெண் எண்பது படம் சேர்த்திருப்பதாகவும், பாதிக்கு மேல் 'நன்றி: கூகுள்' என்று போட்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். சேலத்து வரலாற்றுக்கு இவ்வளவு படம் தேடிய பிள்ளையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த வரியை இன்றே நீக்கச் சொல். கூகுள் படத்தைக் காட்டுகிறதே தவிர, படம் அதனுடையது அல்ல. பின்டரெஸ்டும் அப்படியே. படத்தைச் சொடுக்கி, அது முதலில் இருந்த பக்கத்துக்குப் போய், உரிமம் என்னவென்று அங்கே பார்க்க வேண்டும். கூகுள் படத்தேடலில் 'டூல்ஸ்' என்பதற்குள் 'யூசேஜ் ரைட்ஸ்' இருக்கிறது; அதில் கிரியேட்டிவ் காமன்ஸை, அதாவது சில நிபந்தனைகளோடு யாரும் எடுத்தாளலாம் என்று படைத்தவரே தரும் உரிமத்தை, தேர்ந்தால் குப்பை பாதி கழியும். அதற்குப் பிறகும் மூலப்பக்கத்தைத் திறக்காமல் நம்பக்கூடாது.

வகுப்பில் காட்டியதுதானே, ஆய்வேட்டில் வைத்தால் என்ன என்று கேட்டிருந்தாய். இரண்டும் ஒன்றல்ல. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆசிரியரும் மாணவரும் பாடம் நடத்தும் போக்கில் படியெடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆய்வுக்காகத் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளலாம். விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாளலாம். ஆனால் ஆய்வேடு இப்போது துறை அலமாரியோடு நிற்பதில்லை. ஆய்வேடுகளை இணையத்தில் திறந்து வைக்கும் சோத்கங்காவில் ஏறிவிட்டால் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்வார்கள். ஆகவே ஒவ்வொரு படத்தையும் வைத்துக்கொண்டு கேட்கச் சொல்: இந்தப் படத்தைப் பற்றி அத்தியாயத்தில் ஏதாவது பேசுகிறேனா, அழகுக்கு வைத்திருக்கிறேனா? பேசினால் விமர்சனம் என்று நிற்க வழி உண்டு. அழகுக்கென்றால் உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துவிட வேண்டும்.

பழைய படங்களில் அவளுக்கு நிறைய லாபம் இருக்கிறது. 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பிற்காலத்தில் நம் ஏற்காட்டில் வாழ்ந்தவர், 1912-இல் இறந்தார். படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு என்பது இன்றைய கணக்கு. ஃபூட் தம் காலத்தில் வெளியிட்ட வரைபடங்களின் உரிமை இந்தக் கணக்கில் பார்த்தாலும் 1972 டிசம்பரைத் தாண்டாது. 1918-இல் வந்த சேலம் மாவட்ட கெஜட்டியர் (மாவட்ட விவர நூல்) அரசு வெளியீடு. அதற்கு வெளியான ஆண்டை வைத்து இதே 60 ஆண்டு எண்ணினாலும் 1978-ஓடு சரி. இரண்டையும் தயங்காமல் எடுத்தாளலாம்.

புகைப்படம்தான் சிக்கல். 2012 திருத்தத்துக்குப் பிறகு புகைப்படத்துக்கும் எடுத்தவரின் ஆயுளோடு 60 ஆண்டு. எஸ்டேட் குடும்பத்து ஆல்பத்தில் கிடைத்த ஸ்டூடியோ படங்களைப் பற்றிக் கேட்டாய். படம் யார் கையில் இருக்கிறது என்பது உரிமையைத் தீர்மானிக்காது. ஆனால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமென்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17-ஆம் பிரிவு. அதனால் ஸ்டூடியோவைத் தேடி அலைய வேண்டாம். அந்தக் குடும்பத்து வாரிசுகளிடம் எழுத்தில் அனுமதி வாங்கினால் போதும். எந்தப் படம், எந்த ஆய்வேடு, இணையத்திலும் வரும், பின்னால் புத்தகமாகவும் வரலாம் என்று நான்கையும் அதில் எழுதச் சொல். 'புத்தகம்' என்ற சொல் விட்டுப்போனால் பதிப்பகம் கேட்கும்போது மறுபடி போய் நிற்க வேண்டும்.

நம் சேலத்துப் படக்கம்பெனி மாடர்ன் தியேட்டர்ஸ் பற்றிய அத்தியாயத்தை நான் மிகவும் எதிர்பார்க்கிறேன். திரைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1956-இல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 2016 முடிவோடு பொதுவுடைமை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். அதிலிருந்து ஃபிரேம் பிடித்து வைக்கலாம். எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது விநாடி என்று அடியில் குறிக்கட்டும். விளம்பரத்துக்கென்று தனியாக எடுத்த ஸ்டில் வேறு கதை: அது புகைப்படம், எடுத்தவரின் ஆயுள் கணக்குக்குள் வரும். பாட்டு வரியும் மெட்டும் அப்படியே, எழுதியவர், இசையமைத்தவர் ஆயுளைப் பொறுத்தவை. அதோடு, 30 விநாடிக்குள் போட்டால் தப்பில்லை என்று பிள்ளைகள் சொல்வார்கள். நம் சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கே கிடையாது.

புதிய படங்களுக்கு இப்படி உரிமம் போட்ட படங்கள் கிடைக்கும் விக்கிமீடியா காமன்ஸ், ஓப்பன்வெர்ஸ் தளங்கள் இரண்டிலும் தேடட்டும். யூடியூபில் ஃபில்டருக்குள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்று ஒரு வாய்ப்பு உண்டு. சிசி என்பது கிரியேட்டிவ் காமன்ஸின் சுருக்கம். சிசி-பை என்றால் எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும், மாற்றியிருந்தால் அதையும் சொன்னால் போதும். எஸ்ஏ (அதே உரிமத்தில் பகிர்) இருந்தால், படத்தை மாற்றி வெளியிடும்போது மாற்றிய படத்துக்கும் அதே உரிமம்; ஆய்வேடு முழுவதற்கும் அல்ல, இதில் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள். என்சி (வணிகத்துக்கு அல்ல) என்ற படம் ஆய்வேட்டுக்குச் சரி, விலை போட்ட புத்தகத்துக்கு ஆகாது. என்டி (மாற்றக்கூடாது) என்ற படத்தின் மேல் அம்புக்குறி போட்டு, பெயர் எழுதி வெளியிடுவதைத் தவிர்க்கட்டும். உரிமம் போட்டவரே படம் எடுத்தவர்தானா என்ற சந்தேகம் வந்தால் டின்ஐ என்ற தளத்தில் படத்தையே கொடுத்துத் தேடி, மிகப் பழைய பிரதி எங்கே இருக்கிறதென்று பார்க்க வேண்டும். அடுத்தவர் படத்தை ஏற்றிவிட்டுத் தாராளமாக உரிமம் கொடுப்பவர்கள் உண்டு.

அடிக்குறிப்பு இப்படி வரட்டும்:

'படம் 12. சேர்வராயன் கோவில், ஏற்காடு. எடுத்தவர்: (பக்கத்தில் உள்ள பெயர் அப்படியே). விக்கிமீடியா காமன்ஸ். சிசி-பை-எஸ்ஏ 4.0. ஓரம் வெட்டப்பட்டது.'

ஓரம் வெட்டியதைச் சொல்வது மரியாதைக்கு மட்டுமல்ல, உரிமமே கேட்கிறது. படத்தை இறக்கும் அதே நிமிடத்தில் எக்செல்லில் கோப்பின் பெயர், எடுத்தவர், இணைய முகவரி, உரிமம், பார்த்த தேதி ஐந்தையும் ஏற்றிவிட வேண்டும். உரிமம் தெரியும் பக்கத்தை ஒரு பிடிஎஃப்பாகவும் வைத்துக்கொள்ளட்டும். பக்கம் நாளை காணாமல் போனாலும் கையில் ஆதாரம் இருக்கும்.

அச்சில் 12 செ.மீ. அகலம் வர 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) சுமார் 1,420 பிக்சல் வேண்டும். தேடல் பக்கத்தின் சின்னப் படத்தைச் சேமித்தால் புள்ளிபுள்ளியாகத்தான் வரும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல். போட்டோவாக அனுப்பினால் அளவும் சுருங்கும், உள்ளே பதிந்த தேதி விவரமும் போய்விடும்.

ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு இணையத்தில் தேடவே வேண்டாம். கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிட 52-ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. காலை வெயிலில் அவளே வந்து எடுக்கட்டும். மலைமேல் வாழும் பழங்குடிகளான மலையாளி மக்களின் ஊர்களுக்குப் போனால் மட்டும், முகம் தெரியும் படத்துக்கு அவர்கள் சம்மதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். எந்த உரிமமும் அந்தச் சம்மதத்துக்கு ஈடாகாது.

பண்டிகை முடிந்ததும் அனுப்பு. நம் வீட்டிலேயே தங்கலாம். வரும்போது அந்த எக்செல்லையும் கொண்டுவரச் சொல், எண்பதையும் உட்கார்ந்து பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
சாந்தி