தண்டபாணிக்கு, பேத்தியின் காது பற்றி

மதுரை,
ஆடி 20

அன்புள்ள தண்டபாணி,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பேத்தி பிறந்து எட்டு மாதம் கழித்து எழுதுகிறாயே என்று முதலில் கோபம்தான் வந்தது. இரண்டாம் பக்கம் படித்த பிறகு காரணம் புரிந்தது. வலது காது இருக்க வேண்டிய இடத்தில் கடலைப் பருப்பு மாதிரி ஒரு சின்னச் சதை மட்டும். "முப்பது வருஷமா சாமிக்கெல்லாம் காது வைக்கிறேன், எம் பேத்திக்கு வைக்க முடியலையே" என்று எழுதியிருந்தாய். செயற்கைக் காதும் மூக்கும் கண்ணும் செய்வதுதான் என் பிழைப்பு, ஆனால் அதற்குப் பிறகு அன்றைக்கு நான் வேலைக்கு உட்காரவில்லை.

முதலில் மீனாவுக்கு ஒரு வார்த்தை. கிரகணத்தன்று அவள் வாசலுக்கு வந்ததால்தான் இப்படி என்று சம்பந்தி அம்மாள் சொல்வதாக எழுதியிருக்கிறாய். ஏழாம் மாதக் கிரகணம் அது. காது அதற்கு வெகு முன்னாலேயே உருவாகிவிடும். கரு தரித்த ஆறாவது வாரத்தில் கழுத்தோரம் ஆறு குட்டி மேடுகள் எழும்பும். அவை ஒன்றோடொன்று இழைந்துதான் மடல் வடிவெடுக்கிறது. நாம் களிமண்ணை உருட்டி உருட்டி ஒட்டுகிறோமே, அதே மாதிரி. அந்த இழைப்பு எங்கேயோ நின்றுபோயிருக்கிறது. மாசமாக இருக்கிறோம் என்று பல பெண்களுக்குத் தெரியக்கூடத் தெரியாத நாட்கள் அவை. வலது காதில்தான் இது அதிகம் வரும். மீனா செய்ததாலும் வரவில்லை, செய்யாததாலும் வரவில்லை. இதை நீயே அவளிடம் உட்கார்ந்து சொல். சம்பந்தி அம்மாள் காதிலும் விழட்டும்.

இரண்டாவது, காதின் அழகைப் பற்றி நான்கு பக்கம் எழுதிய நீ, கேட்கிறதா என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்தக் குழந்தைகளில் பலருக்குத் துவாரமும் மூடியிருக்கும். ஆனால் உள்காது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். காதில் ஒலி கொடுத்து அது மூளைக்குப் போகிறதா என்று பார்க்கிற பெரா டெஸ்டை இரண்டு காதுக்கும் எடுக்கச் சொல், நல்ல காதையும் விடாதே. எலும்பு வழியாக ஒலியைக் கடத்துகிற கருவி ஒன்று இருக்கிறது. அதைத் துணிப்பட்டையில் கோத்துத் தலையைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள், கைக்குழந்தைக்கே கட்டலாம். பேச்சு வரும் வயசு நெருங்குகிறது, தள்ளிப்போடாதே. சிறுநீரகத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். பயப்படாமல் எடு, அது வழக்கமாகப் பார்ப்பதுதான்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். தை மாதக் காதுகுத்துக்குள் சிலிக்கோனில் ஒரு காது செய்து தர முடியுமா என்று கேட்டிருக்கிறாய். செய்ய முடியும். ஆனால் இப்போது செய்ய மாட்டேன், தண்டபாணி. பசை போட்டு ஒட்டினால் பிஞ்சுத் தோல் தாங்காது. ஒட்டிய மறுநிமிஷம் அவள் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். இதையெல்லாம்விடப் பெரிய காரணம் அந்தக் கடலைப் பருப்புச் சதை. அதைக் கழிவு மாதிரி நினைக்காதே. ஆறு வயசிலிருந்து பத்து வயசுக்குள், விலா எலும்பின் குருத்தை எடுத்துக் காது மாதிரி செதுக்கித் தோலுக்கடியில் வைக்கிற அறுவை சிகிச்சை உண்டு. அப்போது அந்தச் சதையைத்தான் இறக்கிக் காதுமடலின் கீழ்நுனியாகத் திருப்பி வைப்பார்கள். அதனால் அதில் ஊசி படக்கூடாது. காதுகுத்தை நிறுத்த வேண்டாம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்து இடது காதுக்கு மட்டும் குத்துங்கள். ஊருக்கு நாலு வாய் இருக்கும், பேசட்டும்.

என் தொழில் வருகிற வழி வேறு. 1952-இல் சுவீடனில் பிரோனமார்க் என்கிற ஆராய்ச்சியாளர் முயலின் எலும்புக்குள் டைட்டானியக் குழல் ஒன்றை வைத்து ஆராய்ந்திருக்கிறார். முடிந்தபின் கழற்றப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. 1965-இல் அதை வைத்து மனிதருக்குப் பல் பொருத்தினார். பிறகு காதுக்கும் வந்தது. காதுக்குப் பின்னால் மண்டை எலும்பில் இரண்டு திருகு, அதன்மேல் காந்தம், காந்தத்தின்மேல் என் சிலிக்கோன் காது. கிட்டே கொண்டுபோனால் 'டிக்'கென்று போய் உட்காரும். வேர்வைக்கும் கழலாது. ஆனால் அதற்கு வழிவிட அந்தச் சதையைப் பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள், அந்த இடத்தில் தழும்பும் விழும். அதன்பிறகு விலாக் குருத்து வேண்டும் என்று திரும்பி வருவது ரொம்பக் கஷ்டம். எட்டு மாதக் குழந்தையின் வழியில் ஒன்றை நாம் அடைத்துவிடக் கூடாது. அவள் வளர்ந்து, கண்ணாடி பார்த்து, வேண்டும் வேண்டாம் என்று வாய்திறந்து சொல்லட்டும். காதே வேண்டாம், முடியை வாரி விட்டுக்கொள்கிறேன் என்றாலும் சரிதான். எனக்கு வேலை போய்விடுமே என்று வருத்தப்பட மாட்டேன்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவம் ஒன்று சொல்கிறேன். தேனிப் பக்கத்துப் பாட்டி ஒருவர், புற்றுநோய்க்காக மூக்கை எடுத்தவர். மெழுகில் வடிவம் நன்றாக வந்தது. நிறம் சேர்க்கும்போது இரவாகிவிட்டது. அவர் ஊருக்குத் திரும்ப வேண்டும், நானும் ட்யூப்லைட் வெளிச்சத்திலேயே முடித்துக் கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பி வந்து நின்றார். "தம்பி, எம் மூக்கு செத்துக் கெடக்கு" என்றார். வெயிலில் அழைத்துப்போய்ப் பார்த்தேன். முகம் செம்பழுப்பாக இருக்க, மூக்கு மட்டும் சாம்பல் பூத்திருந்தது. ஒரு விளக்கில் ஒத்துப்போகிற நிறம் இன்னொரு விளக்கில் ஒத்துப்போகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே செய்த தப்பு அது. அன்றிலிருந்து வாசல்படியில்தான் நிறம் சேர்க்கிறேன், பாதி வெயில், பாதி நிழல். நம் தோலுக்குப் பழுப்பை மட்டும் போட்டால் மண்பொம்மைதான் வரும். அடியில் சிவப்பு, அதன்மேல் மஞ்சள், மேலே பழுப்பு என்று மெல்லிசு மெல்லிசாக அடுக்க வேண்டும். நடுவே ரத்த நாளம் மாதிரி சிவப்பும் நீலமுமாகப் பொடி நூல். காதென்றால் மடல் விளிம்பு கறுத்திருக்கும், உள்குழி சிவந்திருக்கும்.

பாட்டிக்கு இரண்டாவது மூக்கு செய்யும்போது, "மூக்குத்தி போட்டுக்கலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். துளை கிழியாமலிருக்க உட்புறம் நைலான் வலைத்துண்டு ஒன்றைப் பதித்துக் கொடுத்தேன். முடிச்சிட்டு வைத்திருந்த முந்தானையை அவிழ்த்து எட்டுக்கல் பேசரியை எடுத்தார். போட்டுக்கொண்டு கண்ணாடியில் ரொம்ப நேரம் பார்த்தார். மூக்கைத் தொடவில்லை, பேசரியைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

அன்னா கோல்மன் லாட் என்கிற அமெரிக்கச் சிற்பியைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேனா? உனக்குப் பிடிக்கும். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்காக 1918-இல் பாரிஸில் பட்டறை வைத்தவர். முகத்தில் பிளாஸ்டர் அச்செடுத்து, போருக்கு முந்தைய புகைப்படத்தைப் பார்த்து வடித்து, மெல்லிய செம்புத் தகட்டில் முகமூடி செய்வார். மூக்குக்கண்ணாடிச் சட்டம் அதைப் பிடித்துக்கொள்ளும். வண்ணத்தை அந்த ஆள் அதை அணிந்திருக்கும்போதே தீட்டுவார். மப்பு நாளுக்கும் வெயில் நாளுக்கும் நடுவான நிறமாகப் பார்த்துத் தீட்டுவாராம். நான் பாட்டியிடம் கற்றதை அந்த அம்மாள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தெரிந்து வைத்திருக்கிறார். ஆனால் தகடு சிரிக்காதே, தண்டபாணி. முகம் மாறிக்கொண்டே போகும், முகமூடி அன்றைக்கு இருந்தபடியே இருக்கும். சிலிக்கோனுக்கும் அந்தக் குறை உண்டு. வெயிலிலும் எண்ணெயிலும் வெளுத்து ஒன்றிரண்டு வருஷத்தில் மாற்ற வேண்டிவரும்.

இங்கே எனக்குக் கண் வேலைதான் அதிகம். 2021-இல் கொரோனாவோடு வந்த கரும்பூஞ்சை நோயில் கண்ணோடு மேலண்ணத்தையும் இழந்தவர்கள் இன்னும் வருகிறார்கள். அண்ணத்தின் ஓட்டையை அடைக்கிற தகடு பொருத்தியதும் தண்ணீர் மூக்கு வழியாக வராமல் உள்ளே இறங்குகிறது, பேச்சு தெளிகிறது. அதற்குப் பிறகுதான் அவர்கள் கண்ணைப் பற்றியே கேட்கிறார்கள். அக்ரிலிக் கண்ணில் வெள்ளை விழிமேல் சிவப்புப் பட்டு இழையைப் பிரித்துப் பிரித்து ஒட்டுவேன், நரம்பு மாதிரி. கடைசி இழை வைக்கும்போதெல்லாம், நீ உளியெடுத்துச் சாமிக்குக் கண் திறப்பது ஞாபகம் வரும். நீ அப்போது பேச மாட்டாய், நானும் பேசுவதில்லை.

இப்போது உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். குழந்தையின் இடது காதை வருஷத்துக்கு ஒரு முறை, பிறந்தநாளன்று, வரைந்து வை. முன்பக்கம், பக்கவாட்டு, பின்னால் தலைக்கும் மடலுக்கும் உள்ள இடைவெளி, மூன்றும் வேண்டும். புருவ மட்டத்திலிருந்து மூக்கடி வரை காது என்று கும்பகோணத்தில் படித்த கணக்கை நம்பாதே, அவளுடைய அளவையே எடு. வலது தாடை சின்னதாக இருந்தால் அதையும் குறித்துக்கொள். பின்னால் அவள் என்னிடம் காது வேண்டும் என்று கேட்டால், மெழுகில் நீ வடிக்கிறாய். இடதுகாதைக் கண்ணாடியில் பார்த்தபடி வலமாக வடிக்க வேண்டும். இப்போது ஸ்கேன் எடுத்துக் கம்ப்யூட்டரே திருப்பிக் கொடுத்துவிடும், ஆனாலும் மடிப்பின் கடைசி வழவழப்பைக் கைதான் கொண்டுவருகிறது. அச்செடுப்பதும் நிறம் சேர்ப்பதும் என் பொறுப்பு. சிலை வார்க்க மெழுகின்மேல் நீ வண்டல் மண் பூசுகிற இடத்தில் நான் பல்டாக்டர்களின் கல்மாவு ஊற்றுகிறேன், நீ நெருப்பில் மெழுகை ஓடவிடுகிறாய், நான் வெந்நீரில். மற்றபடி ஒரே வேலைதான்.

ஆவணியில் அக்கா பேரனுக்குக் கும்பகோணத்தில் கல்யாணம், குடும்பத்தோடு வருகிறேன். முகூர்த்தம் முடிந்ததும் நேரே சுவாமிமலைக்கு வந்துவிடுவேன். அதற்குள் பெரா டெஸ்டை எடுத்துச் சீட்டை மீனாவிடம் கொடுத்து வை. அம்மாவுக்கு என் வணக்கம், மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே?

உன்
செல்வம்