கடையைச் சாத்திவிட்டுப் போனவருக்கு

அன்புடையீர்,

நேற்றிரவு எட்டேமுக்கால் மணிக்கு எங்கள் பக்கவாத ஆய்வின் கடைசி 90ஆம் நாள் அழைப்பு, அதாவது மூன்றாம் மாதத்தில் நோயாளியின் நிலையைக் கேட்டறியும் தொலைபேசி அழைப்பு, முடிந்தது. தொடர்பு விட்டுப்போன பங்கேற்பாளர்களைத் தேடி கடந்த ஆறு வாரங்களில் நாம் பட்ட பாட்டை இம்மடலைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அறிவீர்கள். அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பும் இல்லை, விருப்பமும் இல்லை. தொடர்பு விட்டுப்போனவர்களில் கடைசி ஒருவரும் கிடைத்துவிட்டார் என்று சொல்லவும், அவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தவருக்கு நன்றி கூறவுமே எழுதுகிறேன்.

அந்தப் பங்கேற்பாளர் இங்கே சிங்கப்பூரில் கட்டுமான வேலை செய்துவந்தவர். சிகிச்சைக்குப் பின் புதுக்கோட்டை மாவட்டத்திலுள்ள தம் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவருடைய எண்ணும் அவர் மனைவியின் எண்ணும் பல நாள்களாக அணைந்தே கிடந்தன. ஒப்புதல் படிவத்தில் இரண்டாம் தொடர்பாகக் குறிக்கப்பட்டிருந்த விடுதி அறைத்தோழரிடம் கேட்டபோது, ஊர் முக்கில் இருக்கும் ஒரு பெட்டிக்கடையின் எண் மட்டுமே தம்மிடம் இருப்பதாகக் கூறி அதைக் கொடுத்தார். எங்கள் கால வரம்பு முடிய இன்னும் ஒரே நாள்தான் இருந்தது.

ஒருவர் ஆய்வில் பங்கேற்கிறார் என்பதைக்கூட நாங்கள் மூன்றாம் மனிதரிடம் சொல்லக்கூடாது. ஆகவே, சிங்கப்பூரிலிருந்து பேசுகிறேன், இன்னாருடன் பேசவேண்டும் என்பதற்குமேல் கடைக்காரரிடம் ஒன்றும் சொல்ல என்னால் முடியவில்லை. வெளிநாட்டிலிருந்து முன்பின் தெரியாத பெண் ஒருத்தி அழைத்து, காரணம் சொல்லாமல் ஒருவரைத் தேடினால், கடன்காரர்கள் அனுப்பிய ஆள் என்றோ ஏமாற்றுப் பேர்வழி என்றோ நினைப்பதுதான் இயல்பு; நானாக இருந்தால் இணைப்பைத் துண்டித்திருப்பேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“கெட்ட சேதி ஒண்ணும் இல்லையேம்மா?”

இல்லை என்றேன். “அது போதும். பத்து நிமிசத்துல நானே கூப்புடுறேன்” என்றார். அங்கே மணி ஆறுகூட ஆகவில்லை. பெட்டிக்கடைக்கு அதுதான் வியாபார நேரம் என்பது, சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் கடை வைத்திருந்தவரின் பேத்தியான எனக்குத் தெரியும். கடையைச் சாத்திவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு, ஊரின் மறுகோடியில் இருந்த வீட்டுக்குப் போய், தம் கைப்பேசியை அவரிடம் கொடுத்திருக்கிறார். “அண்ணே வாசல்ல வேப்ப மரத்தடியில நிக்கிறாரு. உள்ள வாங்கன்னா வர மாட்டேங்கிறாரு. நீ பேசு, ஒங்க பேச்சு எனக்கெதுக்குங்கிறாரு” என்று பங்கேற்பாளர் சொன்னபோது, எனக்குச் சில விநாடிகள் பேச்சு வரவில்லை. நோயாளியின் அந்தரங்கம் பற்றி ஆண்டுதோறும் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்குகிறவள் நான்.

நாங்கள் கேட்பது பெரிய கேள்வி ஒன்றுமில்லை. பக்கவாதத்துக்குப் பின் எவ்வளவு ஊனம் எஞ்சியிருக்கிறது என்பதைக் குறிக்க, கிளாஸ்கோ மருத்துவர் ஜான் ராங்கின் 1957இல் வகுத்து, பின்னர் பிறர் திருத்திய அளவுகோல் அது. 0 என்றால் அறிகுறியே இல்லை, 6 என்றால் மரணம். தனியாக நடக்கிறீர்களா என்று கேட்டேன். “கம்மாக்கரை வரைக்கும் போயிட்டு வாறேன், யாரும் புடிக்க வேணாம்” என்றார். உடுத்துவது எப்படி என்றேன். “சட்டைப் பொத்தான் மட்டும் அவ போட்டுவிடுறா” என்றார், குரலைச் சற்றே தாழ்த்தி. பிறர் உதவியின்றித் தம் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவருக்கு 2. சிறிது உதவி தேவைப்பட்டாலும் தாமாக நடக்கிறவருக்கு 3. மனம் 2 என்றது. விதிப்படி 3 என்றே பதிந்தேன். அவருக்கு எந்தச் சிகிச்சை அளிக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியாது; என் மதிப்பீடு ஒருபக்கம் சாயாமலிருக்க, தெரியவும் கூடாது.

ஒரே ஒரு மதிப்பெண்ணுக்காக இவ்வளவு பாடா என்று வீட்டில் கேட்டார்கள். இங்குள்ள மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் அண்டை நாடுகளோடு சேர்ந்து இத்தகைய ஆய்வுகளைச் செய்வதற்குக் காரணம் இருக்கிறது. மண்டையோட்டுக்குள் இருக்கும் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் வரும் பக்கவாதம் ஐரோப்பியரைவிட ஆசியர்களிடையே அதிகம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் அல்டிபிளேஸ் மருந்தை உலகின் பெரும்பகுதி உடல் எடையில் கிலோவுக்கு 0.9 மில்லிகிராம் கொடுக்க, ஜப்பான் 2005இல் 0.6 மில்லிகிராம் போதும் என்று அனுமதித்தது. எது சரி என்று ஆராய்ந்து 2016இல் வெளியான என்சான்டெட் ஆய்வுக்கு 3,300 நோயாளிகள் தேவைப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆசியர்கள். குறைந்த அளவில் மூளையில் ரத்தக் கசிவு குறைந்தது. ஆனால் ஊனத்தையும் மரணத்தையும் தடுப்பதில் அது வழக்கமான அளவைவிட மோசமல்ல என்று நிறுவ முடியவில்லை. 2013இல் முடிவு வெளியான சைம்ஸ் ஆய்வு, சீனப் பாரம்பரிய மருந்து ஒன்றைச் சோதிக்க சிங்கப்பூர், பிலிப்பைன்ஸ், தாய்லாந்து, மலேசியா, இலங்கை, ஹாங்காங் ஆகிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 1,100 பேரைச் சேர்த்தது. முதன்மை அளவீட்டில் மருந்து வெல்லவில்லை. வெல்லாததைத் தெரிந்துகொள்வதற்கும் அத்தனை பேர் வேண்டும், அத்தனை பேரும் மூன்றாம் மாதத்தில் கிடைக்கவும் வேண்டும்.

கிடைக்காமல் போகிறவர்கள் யார் என்பதுதான் என்னை உறுத்துகிறது. நிலையான முகவரியும் மாறாத தொலைபேசி எண்ணும் உள்ளவர்கள் தொலைவதில்லை. ஊர் திரும்பிய தொழிலாளி தொலைகிறார், மகன் வீட்டுக்கும் மகள் வீட்டுக்குமாக மாறிக்கொண்டிருக்கும் பாட்டி தொலைகிறார். இவர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், வசதியாக வாழ்கிறவர்களின் மூளையைப் பற்றிய ஆய்வாகவே அது முடியும். புள்ளியியலார் விடுபட்ட மதிப்பெண்ணை ஊகித்து நிரப்புவார்கள்; ஆனால் சட்டைப் பொத்தானை எந்தச் சூத்திரமும் ஊகிக்காது.

நன்றி சொல்லவேண்டியவர்கள் இன்னும் பலர். இரவு பகலாகத் தங்கள் பதிவேடுகளைச் சரிபார்த்து அனுப்பிய கோலாலம்பூர், பாங்காக், மணிலா, கொழும்பு நண்பர்கள், ஞாயிற்றுக்கிழமையும் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிய நெறிமுறைக் குழுச் செயலர், தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போன தாதியர், எங்களுக்குப் பதினொரு மணிக்குமேல் மேல்மாடி விளக்கை அணைக்காமல் விட்டுவைத்த பாதுகாவலர் ஆகிய அனைவருக்கும் என் வணக்கம்.

அடுத்த ஆய்வின் தொடர்புப் படிவத்தில் ஒரு வரி கூடுதலாக இருக்கும்: ‘வீட்டுக்கு அருகிலுள்ள கடை’. பங்கேற்பாளர் சம்மதித்தால் மட்டும் நிரப்பலாம். ஆய்வு முடிவு வெளியானதும், அது எதுவாக இருந்தாலும், பங்கேற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் ஒரு பக்கமாக எழுதி அனுப்புவேன் என்றும் உறுதி கூறுகிறேன்.

கடைக்காரரிடமும் பங்கேற்பாளரிடமும் சம்மதம் பெற்றே இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள். உங்கள் வியாபாரம் கெட்டுவிட்டதே, நான் ஏதாவது அனுப்பட்டுமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். முதலில் மறுத்தார். பிறகு சிரித்துக்கொண்டே, “ரெண்டு கோடாலித் தைலம் குடுத்துவுடுங்கம்மா, மூட்டு வலிக்கு” என்றார். வாங்கி என் மேசைமேல் வைத்திருக்கிறேன். வரும் வாரம் யாராவது திருச்சிக்குப் போகிறீர்களா?

நன்றியுடன்,
ஆய்வு ஒருங்கிணைப்பாளர்,
சிங்கப்பூர்